சொந்தப் பொட்டியா, வாடகைப் பொட்டியா? - பில்ட் மெஷின்களின் கதை

இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா ட்ராஃப்ட்ல தூங்கிட்டிருந்த இந்தப் பதிவைத் தூசி தட்டி எழுதி முடிச்சுட்டேன். கொஞ்சம் நீளம்தான். பொட்டி தட்டாத மக்கள் பயப்பட வேண்டாம், எல்லாருக்கும் புரியற மாதிரிதான் எழுதியிருக்கேன்.

மொதல்ல ஒரு சின்ன விளக்கம். நாலு பேர் சேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் எழுதறாங்கன்னு வெச்சுக்குங்க. ஆளாளுக்குத் தனியா எழுதிட்டு மாசக் கடைசியில ஒண்ணாச் சேர்த்தா எதுவும் எதோடவும் ஒட்டாது. ஒரே சாம்பாருக்கு மூணு பேர் உப்பு போட்ட கதைதான். அதனால யார் ஒரு வரி மாத்தினாலும் உடனே எல்லாத்தையும் சேர்த்து, கம்பைல் பண்ணி, டெஸ்ட் எல்லாம் ஓட்டிப் பார்த்துடணும். இதுக்குப் பேர்தான் கன்டினியுவஸ் இன்டக்ரேஷன், சுருக்கமா சி.ஐ. தமிழ்ல தொடர் ஒருங்கிணைப்புன்னு சொல்லலாம். ஆபீஸ்ல அப்படிச் சொன்னா ஒரு மாதிரி பார்ப்பாங்க :-)

இந்த வேலையைச் செய்ய ஒரு கம்ப்யூட்டர் வேணும் இல்லையா, இன்னைக்கு அதுக்கு ரன்னர்னு பேர். கிட்ஹப், கிட்லேப் மாதிரி கம்பெனிகள் அவங்க மெஷின்ல ஓட்டிக் கொடுத்து நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு பில் போட்டா அது வாடகைப் பொட்டி. நாமளே ஒரு மெஷினை வெச்சு, ஓ.எஸ். போட்டு, அப்டேட் பண்ணி, டிஸ்க் நிறைஞ்சா காலி பண்ணிப் பார்த்துக்கிட்டா அது சொந்தப் பொட்டி. அமேசான்ல எடுத்த மெஷினா இருந்தாலும் பராமரிப்பு நம்ம தலையிலன்னா அது சொந்தக் கணக்குலதான் வரும். செல்ஃப் ஹோஸ்டட், மேனேஜ்டுன்னு ஆபீஸ்ல அடிச்சுக்கறது இதைத்தான்.

இந்தச் சண்டையில எல்லாரும் மொதல்ல கேக்கற கேள்வி, 'எது சீப்?' இதோட பழைய கதையைக் கொஞ்சம் நோண்டினப்போ எனக்கு வேற ரெண்டு கேள்விதான் முக்கியமாப் பட்டுது. அந்தப் பொட்டியை யார் பார்த்துக்கறா? அதுல யாரோட கோடு ஓடுது? முப்பது வருஷமா இந்த ரெண்டுக்கும் பதில் மாறும்போதெல்லாம் பொட்டியும் இடம் மாறியிருக்கு. கொசுவத்தியைச் சுத்துவோமா?

நாலு பேரும் ஆட்டுக் கொம்பும்

1990கள்ல மைக்ரோசாஃப்ட்ல தினமும் பில்ட் பண்றதுங்கறது ஒரு விரதம் மாதிரி. ஸ்டீவ் மெக்கானல் 1996ல எழுதின ஒரு கட்டுரையில விண்டோஸ் என்.டி. 3.0 பத்தின கணக்கு இருக்கு. 56 லட்சம் வரிகள், 40,000 ஃபைல்கள். பல மெஷின்கள்ல ஓட்டியும் முழு பில்ட் முடிய 19 மணி நேரம் வரைக்கும் ஆகும். ஆனாலும் தினமும் பண்ணாங்க. அதுக்குன்னே முழு நேரமா நாலு பேர் இருந்தாங்க.

அதே கட்டுரையில இன்னொரு சுவாரசியம். சில ப்ராஜெக்ட்கள்ல பில்டை உடைச்சவர் ஆட்டுக் கொம்பு மாட்டிக்கிட்டுத் திரியணும், இல்லேன்னா 5 டாலர் தண்டம் கட்டணும். கடைசிக் கட்டத்துல பேஜர் வேற. நடுராத்திரி ஆனாலும் கூப்பிடுவாங்க, வந்து சரி பண்ணிட்டுத்தான் போகணும்.

கொம்பைப் பார்த்துச் சிரிச்சுட்டு அந்த நாலு பேரை மறந்துடாதீங்க. பொட்டியைப் பார்த்துக்கற வேலை ஒரு வேலைதான்னு அப்போவே ஒத்துக்கிட்டு சம்பளம் கொடுத்திருக்காங்க.

கிட்டத்தட்ட அதே காலத்துல க்ரைஸ்லர் கார் கம்பெனியில சம்பளப் பட்டுவாடா சாஃப்ட்வேர் ஒண்ணு இழுத்துக்கிட்டே இருந்தது. 1996ல கென்ட் பெக் அதுக்குள்ள வந்தார். எக்ஸ்ட்ரீம் ப்ரோக்ராமிங் அங்கேதான் உருவானது. 1999ல வந்த அவரோட புத்தகத்துல இன்டக்ரேஷனுக்கு ஒரு வழி சொல்றார். அதுக்குன்னு ஒரே ஒரு மெஷினைத் தனியா வைக்கணும். அது காலியா இருக்கும்போது ஒரு ஜோடி போய் உட்காரணும், தங்களோட மாற்றத்தை ஏத்தணும், எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. அப்புறம்தான் அடுத்த ஜோடி. தெருக்குழாயில குடம் வெச்சு வரிசையில நின்ன மாதிரி. ரன்னர், க்யூன்னு இன்னைக்கு நாம சொல்றதெல்லாம் அந்த ஒரு நாற்காலிதாங்க.

சிவப்பு, பச்சை, ரப்பர் கோழி

நெட்ஸ்கேப் தன்னோட ப்ரௌசர் கோடை 1998ல திறந்து விட்டப்போ, அவங்க உள்ளுக்குள்ள வெச்சிருந்த டிண்டர்பாக்ஸும் வெளிய வந்தது. வேற வேற மெஷின்கள் இடைவிடாம பில்ட் பண்ணி முடிவை ஒரு வெப் பக்கத்துல காட்டும். பச்சைன்னா ஓகே, சிவப்புன்னா பில்ட் காலி. சிவப்பா இருந்தா மரத்தை மூடிடுவாங்க, அதாவது சரியாகற வரைக்கும் யாரும் புதுசா கோடு உள்ள போடக் கூடாது. அதைக் கண்காணிக்கற ஆளுக்கு ஷெரிஃப்னு பேர். இங்கேயும் ஒரு காவல்காரர், கவனிச்சீங்களா?

2000ல மார்ட்டின் ஃபௌலரும் மேத்யூ ஃபோமலும் சி.ஐ. பத்தி எழுதின கட்டுரை இந்தப் பழக்கத்தை ஊரெல்லாம் பரப்பிச்சு. 2001ல தாட்வொர்க்ஸ்ல இருந்து க்ரூஸ்கன்ட்ரோல் ஓப்பன் சோர்ஸா வந்தது. ஒரு எக்ஸ்.எம்.எல். ஃபைலோட மல்லுக்கட்டத் தயாரா இருந்தா மூலையில கிடக்கற பழைய பி.சி.யே சி.ஐ. சர்வர். பச்சைக்கும் சிவப்புக்கும் தனித்தனியா லாவா லேம்ப் வாங்கி வெச்ச டீம்களும் உண்டு.

ஜேம்ஸ் ஷோர் இதுக்கும் ஒரு படி மேல போனார். இதுக்கு சாஃப்ட்வேரே வேணாம்னு 2006ல எழுதினார். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு ரப்பர் கோழி பொம்மை, ஒரு மணி. கோழி யார் மேஜையில இருக்கோ அவர் மட்டும்தான் கோடைச் சேர்க்கலாம், நல்லபடியா முடிஞ்சா மணி அடிக்கலாம். கேலி மாதிரி தெரியும், ஆனா மேட்டர் இருக்கு. பில்ட் உடையாம இருக்கறது மெஷினோட வேலை இல்ல, டீமோட ஒப்பந்தம்னு அவர் சொல்ல வந்தார்.

இதே காலத்துல ப்ரையன் வார்னர் எழுதின பில்ட்பாட் 2003ல வந்தது. பைத்தான் ப்ராஜெக்ட் அதை எடுத்துக்கிட்டு ஒரு அழகான காரியம் பண்ணாங்க. ஊரெல்லாம் இருக்கற தன்னார்வலர்கள் தங்களோட மெஷினைக் கொடுத்தாங்க. ஆளுக்கு ஒரு மாதிரி ஓ.எஸ்., ஆளுக்கு ஒரு மாதிரி ப்ராசஸர். ஒவ்வொரு பொட்டிக்கும் அதைக் கொடுத்தவரே பொறுப்பு. காசு கொடுத்தாலும் சில மெஷின்கள் வாடகைக்குக் கிடைக்காதுங்கறதால அந்த ஏற்பாடு இன்னைக்கும் நடக்குது.

ஜென்கின்ஸ் தாத்தா

இப்போ கதாநாயகன் அறிமுகம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல கோசுகே கவாகுச்சின்னு ஒரு ஜப்பானிய இன்ஜினியர். தான் பில்டை உடைக்கறதும் சக ஊழியர்கள் கடுப்பாகறதும் வாடிக்கையா ஆயிடுச்சாம். மத்தவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நாமளே கண்டுபிடிச்சா என்னன்னு 2004ல எழுத ஆரம்பிச்சதுதான் ஹட்சன். 2005ல வெளிய வந்தது. ஒரே ஃபைலை எடுத்து ஓட்டினா ப்ரௌசர்லயே எல்லாம் செட்டப் பண்ணிடலாம். க்ரூஸ்கன்ட்ரோல் எக்ஸ்.எம்.எல்.லோட போராடினவங்களுக்கு அமிர்தம் மாதிரி இருந்திருக்கும்.

2010 ஜனவரியில ஆரக்கிள் சன்னை விழுங்கினதும் ஹட்சன்ங்கற பேர் யாருக்குச் சொந்தம்னு தகராறு. 2011 ஜனவரியில வாக்கெடுப்பு நடந்தது. பேரை மாத்திக்கலாம்னு 214 ஓட்டு, வேண்டாம்னு 14. அன்னைக்குப் பிறந்த பேர்தான் ஜென்கின்ஸ்.

ஜென்கின்ஸோட பலம் ப்ளக்-இன். பலவீனமும் அதேதான். ஒண்ணை அப்டேட் பண்ணா இன்னொண்ணு படுத்துக்கும். ஆனா பெரிய தலைவலி பொட்டிக்குள்ள இருந்தது. மாசக்கணக்கா ஒரே மெஷின்ல பில்ட் ஓடும்போது யாரோ எப்பவோ போட்ட ஜாவா வெர்ஷன், யாரோ கையால மாத்தின கான்ஃபிக், போன வருஷத்துத் தற்காலிக ஃபைல்னு எல்லாம் படிஞ்சுகிட்டே போகும். அந்த மெஷின்ல மட்டும் பில்ட் பாஸ் ஆகும், ஏன்னு யாருக்கும் தெரியாது. இந்த மாதிரி மெஷினுக்கு ஃபௌலர் 2012ல ஸ்னோஃப்ளேக் சர்வர்னு பேர் வெச்சார். ஒரு பனித்துகள் மாதிரி இன்னொண்ணு இருக்காதாம். நம்ம ஊர் பாஷையில, தாத்தா கட்டின வீட்டு எலெக்ட்ரிக் வயரிங். எந்த ஸ்விட்ச் எதுக்குன்னு தாத்தாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தத் தாத்தாவா கொஞ்ச காலம் நான் இருந்திருக்கேன். என்னோட முதல் வேலையில, புதுசா வந்த பையன்தானேன்னு ஜென்கின்ஸை என் தலையில கட்டினாங்க. டிஸ்க் நிறைஞ்சா நான், சர்டிஃபிகேட் காலாவதி ஆனா நான், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பில்ட் நின்னா அதுவும் நான். எண்பது பேரோட வேலை அந்த ஒரு பொட்டி மேல நின்னுட்டிருந்தது. வருஷ முடிவுல அப்ரைசல் ஃபார்ம்ல இதை எழுத ஒரு கட்டம் கூட இல்ல. 'ஃபீச்சர் என்ன டெலிவர் பண்ணே?'ன்னுதான் கேட்டாங்க. சொந்தப் பொட்டி சீப்னு யாராவது எக்செல் ஷீட் நீட்டினா, அதுல இந்தப் பையனோட ஞாயித்துக்கிழமை எந்த வரியில இருக்குன்னு நான் தேடறது அதனாலதான்.

பொட்டியே வேணாம், நாங்க இருக்கோம்

2006 ஆகஸ்ட்ல அமேசான் இ.சி.2 வந்து மெஷினை மணி நேரத்துக்கு வாடகைக்கு விட ஆரம்பிச்சது. 2008ல கிட்ஹப். ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்? 2011ல பெர்லின்ல இருந்து டிராவிஸ் சி.ஐ. வந்தது. ப்ராஜெக்ட்ல ஒரு சின்ன யாமல் ஃபைலைப் போட்டா போதும். கோடு தள்ளும்போதெல்லாம் புத்தம் புது மெஷின் ஒண்ணு பிறக்கும், டெஸ்ட் ஓடும், மெஷினைத் தூக்கிப் போட்டுடுவாங்க. ஓப்பன் சோர்ஸ்னா காசே கிடையாது.

இதுல வரலாற்றுத் திருப்பம் எதுன்னு கேட்டா நான் 'தூக்கிப் போட்டுடுவாங்க'ங்கற இடத்தைத்தான் காட்டுவேன். ஒரே தடவை உபயோகிக்கற மெஷின்ல அழுக்கு சேராது. வயரிங் தெரிஞ்ச தாத்தாவும் தேவையில்ல, ஏன்னா வயரிங் முழுக்க அந்த யாமல் ஃபைல்ல எழுதியிருக்கு. அதை விட முக்கியம், முன்பின் தெரியாத ஒருத்தர் அனுப்பற கோடையும் தைரியமா ஓட்டிப் பார்க்கலாம். காலேஜ் படிக்கும்போது நான் எழுதின ஒரு உப்புமா லைப்ரரிக்கும் அந்தப் பச்சை பேட்ஜ் கிடைச்சது. பைசா செலவில்லாம ஒரு மாணவனுக்கு பெரிய கம்பெனிக்காரன் வெச்சிருக்கற வசதி. அந்த சந்தோஷத்தை இன்னைக்கும் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

ரன்னர்ங்கற பேர் பிரபலமானது கிட்லேப் மூலமா. 2015 செப்டம்பர்ல கிட்லேப் 8.0ல சி.ஐ.யை உள்ளேயே சேர்த்துட்டாங்க. அவங்க ரன்னரையும் எடுத்துக்கலாம், நம்ம மெஷின்ல ரன்னர் போட்டு இணைக்கவும் செய்யலாம். கிட்ஹப் ஆக்ஷன்ஸ் 2018ல அறிவிக்கப்பட்டு 2019 நவம்பர்ல முழுசா வந்தது. லினக்ஸுக்கு நிமிஷம் 0.008 டாலர், விண்டோஸுக்கு ரெண்டு மடங்கு, மேக்குக்கு பத்து மடங்குன்னு அப்போ விலை வெச்சாங்க. மேக் ஏன் அவ்வளவுன்னு கேக்கறீங்களா? மேக் ஓ.எஸ்.ஸை ஆப்பிளோட மெஷின்லதான் ஓட்டணும்ங்கறது ஆப்பிளோட லைசென்ஸ் விதி. அமேசான்லயே மேக் மெஷின் எடுத்தா குறைஞ்சது 24 மணி நேரத்துக்குக் காசு கட்டணும். ஐஃபோன் ஆப் பண்ற பல டீம்கள் அலமாரியில மேக் மினியை அடுக்கி வெச்சிருக்கற காரணம் இதுதான்.

ஓசிச் சோறு தீர்ந்த கதை

ஓசியில கம்ப்யூட்டர் கொடுத்தா யார் வருவா? மாணவன் வருவான், ஓப்பன் சோர்ஸ்காரன் வருவான், பின்னாடியே திருடனும் வருவான். கிரிப்டோ விலை ஏறின 2020, 2021ல டெஸ்ட் ஓட்டற மாதிரி வேஷம் போட்டு காயின் மைனிங் பண்ண ஒரு கூட்டமே கிளம்பிச்சு. ஆயிரக்கணக்குல பொய் அக்கவுண்ட். நிமிஷத்துக்கு சில பைசா வருமானம்தான், ஆனா முதலீடு பூஜ்யம் ஆச்சே!

விளைவு என்ன? கிட்லேப் 2020 அக்டோபர்ல இலவச நிமிஷங்களை 2,000ல இருந்து 400ஆ குறைச்சது, 2021 மே மாசம் புது அக்கவுண்ட்களுக்கு கிரெடிட் கார்டு கேட்டது. கிட்ஹப் 2021 ஏப்ரல்ல, புதுசா வர்றவங்க கோடு ஓடணும்னா ப்ராஜெக்ட் பொறுப்பாளர் ஓகே சொல்லணும்னு விதி போட்டது. டாக்கர் ஹப் இலவச ஆட்டோ பில்டை நிறுத்திச்சு. டிராவிஸை 2019 ஜனவரியில ஐடெரா வாங்கியிருந்தது, அடுத்த மாசமே ஆட்குறைப்பு. 2020 நவம்பர்ல இலவசத்துக்கு எல்லை கட்டினாங்க. 2021 ஜூன்ல ஓப்பன் சோர்ஸ்காரங்க குடியிருந்த அந்தப் பழைய தளத்தையே மூடிட்டாங்க. எத்தனையோ ப்ராஜெக்ட்கள் சட்டி பானையைத் தூக்கிட்டு கிட்ஹப் ஆக்ஷன்ஸுக்குக் குடி போச்சு.

பூட்டு யார் கையில?

சரி, வாடகை வேணாம், சொந்தப் பொட்டிக்கே போயிடலாம்னு நினைச்சா, ஒரு பழைய விஷயம் அங்கே காத்திருக்கு: யாரோட கோடு ஓடுது? பப்ளிக் ப்ராஜெக்ட்டுக்கு சொந்த ரன்னர் வைக்காதீங்கன்னு கிட்ஹப்பே எச்சரிக்குது. காரணம் எளிமை. யார் வேணும்னாலும் கோடு அனுப்பலாம், அது உங்க வீட்டுக்குள்ள ஓடும்.

2023ல ரெண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள் பைடார்ச்ல இதை நடத்திக் காட்டினாங்க. மொதல்ல ஒரு சின்ன எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பினாங்க. அது ஏத்துக்கப்பட்டதும் அவங்க 'தெரிஞ்ச ஆள்' ஆயிட்டாங்க. அடுத்து அனுப்பின கோடு யார் அனுமதியும் இல்லாம பைடார்ச்சோட சொந்த ரன்னர்ல ஓடிச்சு. அந்த மெஷின் ஒரு தடவை ஓடினதும் அழியற வகை இல்ல, அதனால உள்ளேயே உட்கார்ந்து சாவிக்கொத்தை எடுக்க முடிஞ்சது. நல்ல மனுஷங்க, சொல்லிட்டாங்க. திருடன் சொல்லியிருக்க மாட்டான். இதுக்கு மருந்தும் இருக்கு. ஒரு வேலை முடிஞ்சதும் ரன்னர் தானே விலகிக்கற வசதி கிட்ஹப்ல 2021லயே வந்தாச்சு. ஆனா மெஷினை அழிச்சுப் புதுசாக் கட்டற ஏற்பாட்டை யாராவது உட்கார்ந்து செய்யணும். அந்த யாராவது யாரு?

தனியார் ப்ராஜெக்ட்தானே, நமக்கென்னன்னும் இருக்க முடியாது. 2020ல வெளிய வந்த சோலார்விண்ட்ஸ் விவகாரத்துல, அவங்களோட சொந்த பில்ட் மெஷின்ல ஒரு புரோகிராம் ஒளிஞ்சிருந்து, கம்பைல் ஆகற நேரத்துல மட்டும் ஒரு சோர்ஸ் ஃபைலை மாத்தி வெச்சது. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் அந்த அப்டேட்டை இறக்கிக்கிட்டாங்க.

அப்போ வாடகை வீடு பத்திரமான்னா, அதுவும் இல்ல. 2023 ஜனவரியில சர்க்கிள் சி.ஐ. தன் வாடிக்கையாளர்கள் எல்லார்கிட்டயும் 'எங்ககிட்ட வெச்சிருக்கற எல்லா ரகசியச் சாவியையும் உடனே மாத்துங்க'ன்னு சொன்னது. அவங்க இன்ஜினியர் ஒருத்தரோட லேப்டாப்ல மால்வேர் புகுந்ததுதான் காரணம். 2025 மார்ச்ல, 23,000க்கும் மேல ப்ராஜெக்ட்கள் உபயோகிச்ச ஒரு ஆக்ஷன்ல விஷம் கலந்து, ஓடற மெஷின்ல இருந்த ரகசியங்களை பில்ட் லாக்ல கொட்ட வெச்சாங்க. வாடகைப் பொட்டி புதுசா, சுத்தமா இருந்து என்ன பிரயோசனம்? சாவியை நாமளே உள்ள கொண்டு போய்க் கொடுத்துட்டோமே.

சொந்த வீட்டுக்கும் வாடகை

கடைசியா ஒரு வேடிக்கை. 2025 டிசம்பர்ல கிட்ஹப் ஒரு அறிவிப்பு விட்டது. தன்னோட ரன்னர் விலையை 2026 ஜனவரியில இருந்து குறைக்கறோம், அதே நேரம் தனியார் ப்ராஜெக்ட்களோட சொந்த ரன்னருக்கும் மார்ச்ல இருந்து நிமிஷத்துக்கு 0.002 டாலர் வாங்கப் போறோம்னு சொன்னாங்க. ஒரு பொட்டி முப்பது நாள் நிக்காம ஓடினா 43,200 நிமிஷம், 86 டாலர் சொச்சம். பொட்டி நம்மது, கரண்ட் நம்மது, பார்த்துக்கற பையன் நம்மவன். வேலையைப் பிரிச்சுக் கொடுக்கறதுக்கு அவங்க கணக்குல செலவு இருக்குங்கறதும் நியாயம்தான். ஆனா ஊரே கொதிச்சது. ரெண்டொரு நாள்லயே சொந்த ரன்னர் கட்டணத்தைத் தள்ளி வைக்கறோம்னு சொல்லிட்டாங்க.

இதுல இருந்து எனக்குப் புரிஞ்சது என்னன்னா, நாம சொந்தம்னு நினைச்சது பாதிதான் சொந்தம். பொட்டி நம்ம ரேக்ல இருக்கு, ஆனா அதுக்கு 'ஓடு'ன்னு சொல்ற வாய் வேற வீட்டுல இருக்கு. ஜென்கின்ஸ் காலத்துல ரெண்டுமே நம்மகிட்ட இருந்தது, தலைவலியோட சேர்த்து.

நான் எந்தக் கட்சின்னு கேப்பீங்க. சின்ன டீம், ஓப்பன் சோர்ஸ், அடையாளம் தெரியாதவங்க கோடு அனுப்பற இடம்னா யோசிக்காம வாடகைதான். பெரிய டீம், நாள் முழுக்க பில்ட், மேக் இல்லேன்னா ஜி.பி.யூ. மாதிரி விலை கூடின மெஷின் தேவைன்னா சொந்தம் கட்டுப்படியாகும். ஆனா ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, ஒரு வேலை முடிஞ்சதும் அழியற பொட்டியா இருக்கணும். ரெண்டு, பார்த்துக்கற ஆளோட பேர் எக்செல் ஷீட்லயும் அப்ரைசல் ஃபார்ம்லயும் இருக்கணும். அந்த ஆளுக்கு லீவ்ல மாத்து ஆளும் இருக்கணும். வாடகையோ சொந்தமோ, பில்ட் பண்ற வழி ஒரே ஸ்கிரிப்டா நம்ம லேப்டாப்லயும் ஓடற மாதிரி வெச்சுக்குங்க. அப்போதான் வீட்டு ஓனர் வாடகையை ஏத்தினா பொட்டியைக் கட்ட ஒரு வாரம் போதும், ஒரு வருஷம் ஆகாது.

விண்டோஸ் என்.டி.க்கு நாலு பேர் இருந்தாங்க. உங்க கம்பெனியில எத்தனை பேர்? அவங்க பேர் உங்களுக்குத் தெரியுமா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: ஜென்கின்ஸைத் தாத்தான்னு சொன்னதுக்கு ஜென்கின்ஸ் ரசிகர்கள் கோவிச்சுக்காதீங்க. தாத்தா இன்னும் திடமாத்தான் இருக்கார் :-)